ஏழாவது குலுக்கல்

அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது விளையாட்டுச் செய்திப் பிரிவு. அரசு அலுவலகங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கொடுக்கும் தகவல்களைக் கணினியில் ஏற்றி, சலித்து, அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துப் பத்திரிகைக்குத் தருவது அவர் வேலை. முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். பிறகு சம்பளப் பிரிவிலும் சல்லடை, வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சல்லடை சார். பத்திரிகை அலுவலகத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அதைப் பிய்த்து எடுக்க யாராலும் ஆகாது.

அவருடைய பிரிவில் மொத்தமே மூன்று பேர். பழைய கேமராக்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து மூன்று மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசையில் புரோகிராமர். வாயைத் திறப்பதைவிட விசையைத் தட்டுவது சுலபம் என்று நினைக்கிற இளைஞன். எதிர் மேசையில் நிருபர் பெண். அவள் நேர்மாறு. தவறான எண்ணுக்குப் போன் போட்டால்கூட எதிராளியின் வீட்டு விவரம் முழுவதும் வாங்கிக்கொண்டுதான் வைப்பாள். இவர்கள் இருவருக்கும் நடுவில் சல்லடை, நாற்பதைத் தாண்டியவர், சட்டதிட்டங்களின் காவலர்.

சட்டதிட்டம் என்றால் சாதாரணமாக இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார். பட்டியலைக் கடன் கொடுக்கக் கூடாது. கேட்ட கேள்விக்கு வெளியே ஒருவர் பேசியதைப் படிவத்தில் ஏற்றக் கூடாது. போன் செய்ய வேண்டியவர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில்: தரவுக்குள் சொந்தக்காரர் கிடையாது.

அந்தக் கடைசிச் சட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு சொத்துவரித் தகவல் வந்திருந்தபோது நிருபர் பெண் தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டாள். அவர் எவ்வளவு வரி கட்டாமல் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வாடகையைப் பற்றிப் பேசப் போயிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் சல்லடை அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். ஊரார் விவரம் நம் கையில் இருப்பது ஊருக்காக, உன் சுவரில் சுண்ணாம்பு அடிக்க வைப்பதற்காக இல்லை என்று கத்தினார். அவள் கொஞ்ச காலம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் தனக்குத் தெரிந்தவர் பெயரைத் தேடியதில்லை.

இப்போது வந்திருந்தது குடிநீர் வாரியத்தின் புகார்த் தகவல். புகார் கொடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே வாரத்தில் தீர்த்துவைத்துவிடுகிறோம் என்று வாரியம் மார்தட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்தப் புகார்களைக் கொடுங்கள் பார்க்கலாம் என்று இவர்கள் மனுப் போட்டார்கள். வாரியம் சாக்குப்போக்குச் சொல்லி, மேல்முறையீடு வரை இழுத்தடித்து, கடைசியில் வேண்டா வெறுப்பாக ஒரு குறுவட்டில் போட்டுக் கொடுத்தது. பல்லாயிரம் புகார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், முகவரி, தொலைபேசி எண், புகார் வாசகம், ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிய தேதி. திட்டம் எளிமையானது. தீர்ந்ததாகச் சொல்லப்பட்ட புகார்களிலிருந்து முந்நூறைக் குருட்டாம்போக்கில் குலுக்கி எடுப்பது. அந்த முந்நூறு பேருக்கும் போன் செய்து, உண்மையிலேயே தீர்ந்ததா என்று கேட்பது.

குலுக்குவதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும். புகார் வாசகங்களை நீளத்தின்படி வரிசைப்படுத்துவது சல்லடையின் வழக்கம். ஏதாவது கோளாறாகப் பதிந்திருந்தால் அது மேலேயோ கீழேயோ வந்து நின்றுவிடும். அன்றைக்கு மேலே வந்து நின்றது கோளாறு இல்லை.

‘மதிப்புக்குரிய அதிகாரிக்கு, இது என்னுடைய முதல் புகாரின் பேத்தி. அம்மா புகாரையும் மகள் புகாரையும் நீங்கள் நல்லபடியாக முடித்துவைத்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது. குழாய்க்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. காலையில் திறந்தால் சீறுகிறது. சீறுவதைப் பிடித்து வைக்க என்னிடம் பாத்திரம் இல்லை. ஒரு முறை நேரில் வந்து, நீங்களும் குழாயும் பேசிக்கொண்டால் நன்றாக இருக்கும்.’

சல்லடை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் புரோகிராமர்கூடத் தலையைத் தூக்கினான். யார் இந்த மகராசி என்று பெயர்ப் பத்திக்குக் கண்ணைக் கொண்டுபோனார். பெயர். பக்கத்தில் கணவர் பெயர்.

அக்கா.

அவரைவிட ஏழு வயது மூத்தவள். வீட்டில் பத்திரிகை வந்ததும் முதல் ஆளாகப் பிடுங்கி, அமைச்சர் பேசியதை அமைச்சர் குரலிலும், எதிர்க்கட்சிக்காரர் பேசியதை அவர் குரலிலும் படித்துக் காட்டுவாள். இவர் தரையில் உருண்டு உருண்டு சிரிப்பார். தெருவிளக்கு எரியவில்லையா, பேருந்து நிற்கவில்லையா, உடனே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவாள். எழுதி, தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் எந்த இடத்தில் சிரிக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவாள். பத்திரிகைக்கு இவர் வந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகு அவள் தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவள் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள், எதிர்த்துப் பேச ஆள் இல்லை. இவர் அப்போது கல்லூரியில் காலடி வைத்த பையன். அப்பா சாகும்போது அக்கா வெளிநாட்டில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். கையில் இருந்த பழைய முகவரிக்கு அனுப்பிய தந்தி திரும்பி வந்தது. பேசக் கூடாது என்றவர் போய்ச் சேர்ந்தார். பேசாமல் இருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்த மாதம் தேடலாம், அடுத்த மாதம் தேடலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தேடுவதற்கே வெட்கப்படும் அளவுக்கு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் ஒரு நாள் தவறியதில்லை. யாராவது ஒரு அதிகாரி அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால், இதை அக்கா எப்படிப் படித்துக் காட்டுவாள் என்ற நினைப்பு வந்துவிடும். பக்கத்தில் திரும்பினால் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள்.

வெளிநாடாவது ஒன்றாவது. முகவரி இதே நகரத்தில் இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பேருந்து ஒன்று மாறிப் போனால் வந்துவிடும். பெயரைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில் வாராவாரம் ஒரு புகார் போட்டிருந்தாள். எல்லாம் ‘தீர்க்கப்பட்டது’.

பெயரை மறுபடி தேடிய அந்த நொடியில்தான் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. சல்லடை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையால் ஒட்டிய தாள், தடித்த எழுத்து. சட்டென்று தொலைபேசி எண் பத்தியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்கினார். இடம் போதாமல் எண்களெல்லாம் கட்டம் போட்ட குறிகளாக மாறிக்கொண்டன. பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காகத் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, எண்தான் இருக்கிறதே, எடுத்துப் பேசிவிட்டு வரவேண்டியதுதானே, முகவரி தெரிந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டவேண்டியதுதானே என்றாள். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். அந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று அவள் கேட்டாள். சட்டம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அவளிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து, தம்பி என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? முதல் வார்த்தையாக என்ன சொல்வது? ஆனால் பத்திரிகையிலிருந்து பேசுகிறேன் என்றால் பேசிவிடலாம். கையில் ஐந்து கேள்வி இருந்தால் போதும், அவர் யாரிடமும் பேசுவார். அமைச்சரைக் கேட்டிருக்கிறார், கமிஷனரைக் கேட்டிருக்கிறார். முந்நூற்றில் அக்கா வந்துவிட்டால் அவளிடம் பேசுவது ஆசை இல்லை, கடமை. அந்தக் கடமைக்கு அவர் மனம் ஏங்கிக் கிடந்தது.

குலுக்கலுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கணினிக்கு ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து முளைத்ததுபோல முந்நூறு பேரைப் பொறுக்கிக் கொடுக்கும். அதற்கு அந்த அறையில் விதை என்று பெயர். அதே விதையை எத்தனை முறை போட்டாலும் அதே முந்நூறு பேர் வருவார்கள். அதனால்தான் பின்னால் யார் வந்து கேட்டாலும் இதோ இப்படித்தான் எடுத்தோம் என்று காட்ட முடிந்தது. விதையை இவர்கள் மூவரும் சொல்லக் கூடாது. வெளியாள்தான் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பக்க வடிவமைப்பாளரைக் கேட்பார்கள். அவர் எப்போதும் தன் வண்டி எண்ணையே சொல்வார். இந்த முறை வேறு சொல்லுங்கள் என்றதும், கொஞ்சம் யோசித்துவிட்டு மாமியார் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னார்.

மற்ற இருவரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம் சல்லடை அந்த எண்ணைப் போட்டார். முந்நூறு பேர் வந்து விழுந்தார்கள். அக்கா இல்லை. அத்தனை புகார் போட்டிருக்கிறாளே, ஒன்றாவது விழாதா என்று இருந்தது. அடுத்த எண்ணைப் போட்டார். சும்மா பார்ப்பதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இல்லை. அதற்கடுத்த எண். இல்லை. விரல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்திலேயே நேர்மைக்குப் பேர்போன மனிதர், கதவுக்கு ஒரு கண்ணும் திரைக்கு ஒரு கண்ணுமாக, மாமியார் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளிப் போனபோது அக்கா கிடைத்தாள். ஏழாவது குலுக்கல். சல்லடை அதைச் சேமித்தார். முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்து நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. முந்நூறு பேரையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பதும் கணினிதான். புரோகிராமர் விசையைத் தட்டினான். அக்கா நிருபர் பெண்ணின் பங்கில் போய் விழுந்தாள்.

சல்லடை நிருபர் பெண்ணின் மேசைப் பக்கம் போனார். தன் பங்கில் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே, உன்னுடையதில் இரண்டு மூன்றைத் தருகிறாயா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அவள் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைக் காட்டினாள்.

“மாத்திக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதி ஒட்டியிருக்கீங்க?”

அவள் அக்காவின் எண்ணுக்குப் போன் செய்தபோது சல்லடை எதிரில்தான் இருந்தார். திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து, உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. வணக்கம் சொன்னாள், பத்திரிகை பெயரைச் சொன்னாள், புகாரைப் பற்றிக் கேட்டாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்க முடியாமல் சல்லடை தவித்தார். அந்தச் சிரிப்பு தனக்கு வரவேண்டியது, தன்னுடைய சொத்து, எவளோ ஒருத்தி எடுத்துக்கொள்கிறாளே என்று அவருக்குப் பொறாமையாகவே இருந்தது. கடைசியில் நிருபர் பெண்ணின் குரல் அவர் காதில் விழாத அளவுக்குத் தணிந்தது. ஒரு முறை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சரிம்மா என்றாள். போனை வைத்துவிட்டு, ஐந்து பதில்களைப் படிவத்தில் ஏற்றினாள்.

பதிவான அழைப்புகளில் சிலவற்றை இரண்டாவது ஆள் ஒருவர் கேட்டு, படிவத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பதும் ஒரு சட்டம். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சல்லடை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒன்றை எடுத்தார்.

குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே குரல். ஒரு புகார் கொடுத்திருந்தீர்களே என்று கேட்டதற்கு, எதைச் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு குடும்பமே இருக்கிறது என்றாள். யாராவது வந்து பார்த்தார்களா என்றால், வந்தார்கள், பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றாள். வீட்டில் எத்தனை பேர் என்றால், நானும் அவரும், முட்டியில் வலி இருப்பதால் இரண்டாவது மாடிக்கு அவர்தான் தண்ணீர் தூக்குகிறார் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் வேடிக்கை இல்லை. ஐந்து கேள்வியும் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டாள்.

“உங்க பேப்பர்ல கணக்கு வழக்கெல்லாம் போட்டு எழுதுவாரே ஒருத்தர். இப்பவும் இருக்காரா?”

“சல்லடை சாரா? எதிர்லதான் உக்காந்திருக்கார். குடுக்கட்டுமாம்மா?”

எங்கேயோ ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம்.

“வேணாம்மா. வேலையா இருப்பான். கெடுக்க வேணாம்.”

சல்லடை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் படித்திருக்கிறாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, அவர் எழுதிய பேருந்துக் கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று அவளும் தள்ளிப்போட்டிருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த புரோகிராமர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தன் மேசைக்குப் போனான்.

அந்த வாரம் வாரியத்தின் வண்டவாளம் தெரிய ஆரம்பித்தது. அதுவரை பேசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தண்ணீர் வந்தபாடில்லை. ஆசிரியர் முதல் பக்கம் என்று சொல்லிவிட்டார். கட்டுரையோடு வழக்கமாக ஒரு கட்டம் வரும், இந்தக் கணக்கை எப்படி எடுத்தோம் என்று வாசகர்களுக்குச் சொல்வது. அதை எழுதுவது சல்லடையின் பொறுப்பு. புரோகிராமர் கணினியில் பதிவாகியிருந்த விவரங்களை எடுத்துக் கொடுத்தான்.

“குலுக்கல் ஏழு வாட்டி ஓடியிருக்கு சார். மிஷின் எதாவது தகராறு பண்ணுச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தப் பையன் அதற்கு மேல் கேட்கிற ஆளே இல்லை. சல்லடை தலையை ஆட்டிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். ‘இந்த முந்நூறு பேரும் எங்கள் விருப்பு வெறுப்பு இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்று தட்டினார். அழித்தார். மறுபடி அதையே தட்டினார்.

இந்த வரியைத்தான் வாரியத்து அதிகாரிகள் முதலில் படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார்கள். விதை எண் எங்கிருந்து வந்தது, பதிவைக் காட்டுங்கள் என்பார்கள். ஆள் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள், அதில் இவருடைய அக்காவே இருக்கிறாள் என்று ஒரே போடாகப் போட்டால், தண்ணீர் வராத அத்தனை வீட்டுப் புகாரும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். அக்காவுடையதும்தான். முட்டி வலிக்கிற மனைவிக்காக அந்த மனிதர் இரண்டு மாடி குடம் தூக்கிக்கொண்டே இருப்பார்.

ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். பயன்படாத குலுக்கலின் அழைப்புப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். அதுவும் சுவரில் இருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு கையில் கிடைத்த அந்தக் குரல் போய்விடும். புதுக் குலுக்கலில் அக்கா வருவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சல்லடை ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஆசிரியர் அறைக்குப் போனார்.

ஆசிரியர் அதிகம் பேசாத அம்மா. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் கேட்டார். சல்லடை எதையும் மறைக்கவில்லை. எத்தனை எண், ஏன், யாருக்காக என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, ஒரு ஆள் கூடினதால் விடை பெரிதாக மாறிவிடாது என்றும் சேர்த்துச் சொன்னார். சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது.

“மாறாதுன்னு எனக்குத் தெரியும். வாரியத்துக்குத் தெரியணுமே” என்றார் ஆசிரியர்.

முதல் பக்கம் தள்ளிப்போனது. முந்நூறையும் தூக்கிப் போட்டுவிட்டு, வடிவமைப்பாளர் சொன்ன பழைய எண்ணை வைத்தே திரும்பக் குலுக்கச் சொன்னார். குலுக்குவதும் போன் செய்வதும் மற்ற இருவர் மட்டும், இன்னும் ஒருவரை வேறு பிரிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சல்லடை இந்தக் கட்டுரையில் இனி கை வைக்கக் கூடாது. அவர் எழுந்து கதவருகே போனபோது ஆசிரியர் கூப்பிட்டார்.

“ஒரு வேலை இருக்கு உங்களுக்கு. இதுவரைக்கும் பேசினவங்க அத்தனை பேருக்கும் நீங்களே போன் பண்ணி, உங்க பதில எடுத்துக்க முடியல, தப்பு எங்களோடதுன்னு சொல்லுங்க. மத்தியானமும் சாப்பாட்டு நேரமும் பாக்காம அவங்க நம்மகிட்ட பேசியிருக்காங்க. ஒருத்தரையும் விடக் கூடாது.” கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “உங்க அக்காவும் அதுல ஒருத்தர்தான்.”

அறைக்குத் திரும்பியதும் முதலில் பதிவுகளை அழித்தார். நிருபர் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த ஒன்றை மட்டும் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். வாடகை விஷயத்தில் அவளை அத்தனை பேச்சுப் பேசியதை நினைத்து அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்றார். கடைசியாக ஒரு தடவை கேட்கலாம் என்றுகூட நினைத்தார். கேட்டால் அழிக்க முடியாது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. விசையை அழுத்தினார். அவளும் வீட்டுக்காரரைப் பற்றி எதுவும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு போன் செய்ய ஆரம்பித்தார். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாசகத்தை எதிரில் வைத்துக்கொண்டார். ‘உங்கள் பதிலை எங்களால் பயன்படுத்த முடியவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது. உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.’ வரிசைப்படி போனார். தாண்டிக் குதித்து அக்காவிடம் போக மனம் பரபரத்தது. போகவில்லை, குலுக்கலில் அக்காவுக்காக மற்றவர்களை ஒரு முறை தாண்டியதே போதும் என்று இருந்தது. ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டார். ஒரு அம்மா, பதில் போனால் போகட்டும், தண்ணீர் லாரியாவது அனுப்புவீர்களா என்றார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தப்பை ஒத்துக்கொண்டு போன் செய்கிற பத்திரிகையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இவருக்கே ஆறுதல் சொன்னார். ஒவ்வொருவரிடமும் அதே மூன்று வரி. சொல்லச் சொல்ல வாய்க்கு மனப்பாடமாகிவிட்டது.

அடுத்த வரிசை அக்காவுடையது. சல்லடை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். புரோகிராமர் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போனான். நிருபர் பெண் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

“ஹலோ, யாரு?”

சல்லடை பத்திரிகையின் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார், சல்லடை இல்லை, அப்பா வைத்த பெயரை. வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவர் தாளைப் பிடித்துக்கொண்டார். வேறு எதுவும் தெரியாதவர்போல அதில் இருந்ததை அப்படியே, எழுத்து பிசகாமல் வாசித்தார். உங்கள் பதிலை எங்களால் பயன்படுத்த முடியவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது. உங்களைக் காக்க வைத்ததற்கு என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று முடித்தார்.

அவள் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“வாசிச்சு முடிச்சிட்டியா?”

“ம்.”

“சரி. அந்தப் பேப்பரக் கீழ வை. இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. எப்படிடா இருக்கே?”

ஊரையெல்லாம் கேள்வி கேட்ட மனிதருக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லலாம். அது பொய். என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“யோசிச்சுச் சொல்லு, அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாள் அக்கா. “நான் போன வெக்கல.”